ஓட்டக்காரர்களுக்கென்று ஒரு ஷூ கடை

செருப்பில்லாமல் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களின் மாவட்டம் எங்களுடையது. மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் இருக்கிற 12 சிவாலயங்களையும் தரிசித்து, திருநட்டாலத்தில் முடிகிற சிவாலய ஓட்டத்தைக் குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாள் பெயரை ஏன் சொல்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் துரத்தப் பீமன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடிய கதையைச் சொல்வோம்.

இந்த ஊரில் போய், ஓடுவதற்கென்றே தனியாக ஒரு ஷூ கடை இருக்கிறது, அங்கேதான் வாங்க வேண்டும் என்று சொன்னால் என்ன நடக்கும்? என் மாமியார் ஒரே கேள்வியில் முடித்தார்: “பீமன் எந்தக் கடையில் ஷூ வாங்கினான்?”

நியாயமான கேள்விதான். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். கிடைத்த ஷூக்களில் காலுக்குப் பொருந்தியது ஒன்றும் இல்லாததால்தான் அப்படி ஓடினார் என்று சொல்வதுண்டு. 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். பொருந்தாத ஷூவுக்கு வெறுங்கால் மேல் என்பதை மாமியாரிடம் ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் விரதமிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஓடுவது வேறு. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் எச்சரித்த பிறகு, கூட்டுறவு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வாரம் தவறாமல் தார்ச்சாலையில் ஓடுவது வேறு. எனக்கு வாய்த்தது இரண்டாவது.

நாகர்கோவிலில் ஷூ கடைகளுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. மணிமேடையிலிருந்து வேப்பமூடு வரை நடந்தாலே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாகப் பல கடைகள் கூப்பிடும். நான் சொல்ல வந்த கடை அந்த வரிசையில் இல்லை. செட்டிகுளம் பக்கத்தில் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் விளம்பரம் போல் ஆகிவிடும். வேண்டியவர்கள் சந்துக்குள் நுழைந்து கேட்டால் டீக்கடைக்காரரே கையைக் காட்டிவிடுவார்.

முதல்முறை போனபோது கடைக்காரர் என்னிடம் சைஸ் கேட்கவில்லை. “பழைய ஷூவைக் கொண்டுவந்திருக்கிறீர்களா, அக்கா?” என்றுதான் கேட்டார். காலில் போட்டிருந்ததைத்தான் கழற்றிக் கொடுத்தேன். இரண்டையும் மேசைமேல் ஜோடியாக வைத்து, குனிந்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தார். வலதுகால் ஷூ கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிறகு கவிழ்த்துப் பார்த்தார். குதிகாலின் வெளியோரம் மழுங்கியிருந்தது. பக்கவாட்டு நுரையில் கட்டைவிரலை அழுத்தினார். அதில் கிழவியின் கன்னம் போலச் சுருக்கங்கள். கடைசியாக, உள்ளே பாதம் பதிகிற மெத்தையான இன்சோலை உருவி வெளிச்சத்தில் நீட்டினார். பெருவிரலும் அடுத்த மூன்று விரல்களும் பதிந்த குழிகள் தெரிந்தன. சுண்டுவிரலுக்கான குழியைக் காணோம்.

“ஐந்தாவது விரல் எங்கே போனது, அக்கா?”

இன்சோலின் ஓரத்தைத் தாண்டி, ஷூவின் துணிச்சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த விரல். அந்த இடத்தில் வலைத்துணி நைந்து, ஓட்டை விழும் தறுவாயில் இருந்தது. சுண்டுவிரல் நகம் கருத்துக்கொண்டே இருந்ததற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். கால்சியம் குறைவு என்பதுகூட அதில் ஒன்று.

பிறகு அளவெடுத்தார். இரும்புத் தட்டு, அதில் நகரும் இரண்டு கட்டைகள். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தில் செருப்புக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையான சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் செய்த கருவி அது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஓர் அளவு, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை இன்னோர் அளவு, முன்பாதத்தின் அகலம் மூன்றாவது. உட்கார்ந்தபடி எடுத்தால் கணக்கில்லை. உடம்பின் பாரம் முழுவதும் காலில் இறங்க எழுந்து நிற்க வேண்டும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். எனக்கு இடதுகால் கொஞ்சம் நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டுமாம். இன்னொன்றும் சொன்னார்: அளவெடுக்கச் சாயங்காலம் வருவதுதான் நல்லது. நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அதே வீக்கம்தான்.

அகல விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கால்களின் கதையே அதில்தான் இருக்கிறது. சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேன் எடுத்தது. இந்தியர்களின் முன்பாதம், இங்கே புழங்குகிற பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் கணக்கில் எடுத்ததைவிட அகலம் என்பது அதில் தெரியவந்தது. அகலம் போதாததால் பலர் நீளத்தைக் கூட்டி வாங்குகிறார்கள் என்பதும்தான். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் எந்தக் கடையில் நின்று பார்த்தாலும் இந்தக் காட்சி கிடைக்கும். பிள்ளைக்கு ஓரத்தில் இறுக்குகிறது என்றால் உடனே ஒரு சைஸ் பெரியது எடுக்கச் சொல்வோம். வளர்கிற கால்தானே என்று கூடவே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் போய்வர அது போதும். ஓடினால் போதாது. ஷூவில் ஒரு மடிப்பு உண்டு. பெருவிரல் மூட்டு மடங்குகிற அதே இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். ஒரு சைஸ் நீளமாகப் போட்டால் ஷூவின் மடிப்பு முன்னே தள்ளிப் போய்விடும். கால் ஓர் இடத்தில் மடங்கும், ஷூ இன்னோர் இடத்தில் மடங்கும். குதிகால் பின்னால் வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த நமக்குத் தெரியாமலே விரல்களை மடக்கி ஓடுவோம். இப்படி 5 கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்காலுக்கு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஓட்டத்துக்கான ஷூ செய்கிற சில நிறுவனங்கள் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று அகலங்கள் செய்கின்றன. பெட்டியின் பக்கத்தில் ‘டி’, ‘2ஈ’, ‘4ஈ’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆண்களின் ஷூவுக்கு ‘டி’ என்பது நடுத்தர அகலம், பெண்களின் ஷூவுக்கு ‘பி’. அதாவது, அதே நீளத்தில் பெண்கள் ஷூ குறுகல். பெண் என்றால் குறுகிய பாதம் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருக்கிறார்கள். வயல் வரப்பிலும் கடற்கரை மணலிலும் செருப்பில்லாமல் வளர்ந்த பாதங்களை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ஆண்கள் மாடலில் ஒரு சாம்பல் நிற ஷூ. ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் அடுக்கியிருந்த பெண்கள் ஷூவில் ஒன்றுகூட என் காலை ஏற்றுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொண்டதும் கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பிறகு, “டீக்கடையைத் தாண்டி அந்த மின்கம்பம் வரை ஓடிவிட்டு வாருங்கள்” என்றார். பட்டப்பகலில், பருத்திப் புடவையில், ஆண்கள் ஷூ போட்டுக்கொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் ஓடினேன். ஒருவர் எழுந்து வழிவிட்டார். வேறு எதுவும் நடக்கவில்லை.

பெரிய நகரத்துக் கடைகளில் இதற்கு டிரெட்மில்லும் கேமராவும் வைத்திருக்கிறார்கள். நம் ஓட்டத்தைப் படம்பிடித்து, நிதானமாக ஓடவிட்டுக் காட்டி, உங்கள் பாதம் உள்பக்கம் சரிகிறது, ஆகவே இந்த வகை ஷூ என்று சொல்வார்கள். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இதன் பின்னால் இருக்கிற அறிவியல் அவ்வளவு திடமானது இல்லை. அமெரிக்க ராணுவத்திலும் விமானப்படையிலும் கடற்படைக் காலாட்களிடமும் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பாதத்தின் வடிவத்துக்கேற்ற ஷூவும், மறுபகுதிக்கு எல்லோருக்கும் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009, 2010 வாக்கில் வெளிவந்த முடிவுகளின்படி, காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கனடாவின் கால்கேரி பல்கலைக்கழக ஆய்வாளர் பென்னோ நிக் தம் குழுவோடு 2015இல் எழுதிய கட்டுரையில் இன்னும் எளிமையாக ஒன்றை முன்வைத்தார்: காலுக்குச் சுகமாக இருக்கிற ஷூவைத் தேர்ந்தெடுங்கள், உடம்பு தனக்கு ஏற்றதை அதுவாகவே அடையாளம் காட்டும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் கடை எதற்கு, செல்போனிலேயே வாங்கிவிடலாமே என்று ஒரு தோழி கேட்டாள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். கணிப்புதான் முக்கியம் என்றால் செல்போன் போதும். நான்கு கேள்வி கேட்டு அதுவே ஒரு மாடலைச் சொல்லிவிடும். சுகம்தான் முக்கியம் என்றால், நான்கைந்து ஷூவில் காலை நுழைத்து, ஒவ்வொன்றையும் போட்டு ஓடிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? திரையில் தெரிகிற ஷூவுக்குக் கனம் கிடையாது, இறுக்கமும் கிடையாது.

கடைக்காரர் குலசேகரம் பக்கத்துக்காரர். ரப்பர் பால் வெட்டுகிற குடும்பம். அதனாலோ என்னவோ, ஷூவின் அடிப்பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்த மாட்டார். காற்றுக் குமிழ் ஏற்றிய ரப்பர் லேசாக, மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். கார்பன் கலந்த ரப்பர் கனம், நீண்ட நாள் வரும். பல ஷூக்களில் குதிகாலில் ஒன்றும் முன்பாதத்தில் இன்னொன்றும் ஒட்டியிருப்பார்கள். நகத்தால் கீறிக் காட்டினார், வித்தியாசம் தெரிந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “எங்கே ஓடுகிறீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் அர்த்தம் உண்டு. தக்கலையிலிருந்து மேற்கே போனால் ஏற்றமும் இறக்கமும்தான், சமதளமே கிடையாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் சாலை நேராகக் கிடக்கும், ஆனால் ஆளைத் தள்ளுகிற காற்று. சொத்தவிளைப் பக்கம் கடற்கரைச் சாலையில் காற்றோடு மணலும் வந்து தாரின்மேல் படியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பதால், வருடத்தில் பாதி நாள் ஈரச்சாலைதான். சென்னையில் உட்கார்ந்து ஒருவர் எழுதுகிற ஷூ விமர்சனத்தில் இதெல்லாம் இருக்காது.

மழையில் நனைந்த ஷூவை என்ன செய்வது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். இன்சோலை உருவிவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் பசை விட்டுவிடும். வாஷிங் மெஷினில் போட்டவர்களின் கதைகளையும் சொன்னார்.

காசில்லாமல் அவர் கொடுத்த இன்னொரு பொருள், லேஸ் கட்டும் விதம். ஓட்ட ஷூவில் கணுக்காலை ஒட்டி மேலே ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. லேஸின் முனையை அதே பக்கத்து ஓட்டையில் விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாமல் நிற்கிறது. இறக்கத்தில் ஓடும்போது விரல் முன்னால் போய் இடிப்பதில்லை. என் நகம் பழைய நிறத்துக்குத் திரும்பியதற்குப் புது ஷூ பாதிக் காரணம் என்றால் இந்த முடிச்சு மீதிப் பாதி.

ஒரு நாள் சாயங்காலம் நான் சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடற்கரைக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு இருக்கலாம். மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடத் தேர்வாகியிருக்கிறான். ஆணி வைத்த ஸ்பைக் ஷூ வேண்டும் என்று பி.டி. சார் சொல்லிவிட்டாராம். அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார்.

“இதுவரை எதைப் போட்டு ஓடினாய், மக்களே?”

பையன் தன் கால்களைப் பார்த்தான். வெறுங்காலோடுதான் ஜெயித்திருக்கிறான்.

கடைக்காரர் ஸ்பைக்கை எடுக்கவே இல்லை. வெறுங்கால் பழக்கத்திலிருந்து நேராக ஸ்பைக்குக்குப் போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றார். மண் தடமா, செயற்கைத் தடமா என்று கேட்டார். மண்ணுக்கு நீளமான ஆணி, செயற்கைத் தடத்துக்குக் குட்டை ஆணி. பையனுக்கு அது தெரியவில்லை. “அம்மா, இப்போது பணத்தை உள்ளே வையுங்கள். பயிற்சிக்கு ஒரு சாதாரண ஷூ போதும், போன வருடத்து மாடல் பாதி விலையில் இருக்கிறது. ஸ்பைக் என்னிடம் பழையது ஒரு ஜோடி இருக்கிறது, போட்டுப் பழகட்டும், சரிப்பட்டால் போட்டி அன்றைக்குக் கொண்டுபோகட்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்” என்றார். அந்த அம்மா சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். விற்க வேண்டிய பொருளை விற்க மாட்டேன் என்கிற கடைக்காரரை மீன் சந்தையில் அவர் பார்த்திருக்க மாட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பையனின் பெயர், இரண்டு காலின் அளவு, எடுத்த ஷூ, எல்லாவற்றையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். என் பெயரும் அதில் இருக்கிறது, சுண்டுவிரல் குறிப்போடு. இந்த நோட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தின் முதல் சில்லறைக் கடை 1966இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் திறந்தது. அதை நடத்திய ஜெஃப் ஜான்சன், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு அட்டை போட்டு, ஷூ அளவையும் அவர் எந்த ஓட்டம் ஓடுகிறார் என்பதையும் குறித்து வைத்திருந்தார். எங்கள் கடைக்காரருக்கு ஜான்சனைத் தெரியாது. அவர் அப்பா ரப்பர் ஷீட் கணக்கு எழுதிய பழக்கம் இது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நிறம் என்று கேட்டால் இரண்டுதான் காட்டுவார். கேட்ட சைஸ் வர மூன்று வாரம் ஆகும் என்பார், ஐந்து வாரம் ஆகும். எங்காவது மாரத்தான் என்றால் கடைக்குப் பூட்டு. பேச்சு அதிகம். விலையும் இணையத்தில் தள்ளுபடி நாளில் கிடைப்பதைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து, இங்கே அளவெடுத்து, நான்கு ஷூ போட்டு ஓடிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே செல்போனில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் சாமர்த்தியமாகவே சொல்லிக்கொள்கிறார். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர்.

ஒரே ஷூவைத் தினமும் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று அவர் சொன்னபோது மட்டும், இதோ வியாபாரி வெளியே வந்துவிட்டார் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அதற்கும் ஆதாரம் இருந்தது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. இருந்தாலும் நான் இன்னும் ஒரு ஜோடியோடுதான் இருக்கிறேன். 500 முதல் 800 கிலோமீட்டரில் நுரை தளர்ந்துவிடும் என்கிறார்கள். அது வரட்டும், பார்க்கலாம்.

இப்போது எனக்கும் அவருக்கும் நடக்கிற வாக்குவாதம் வேறு. பெண்கள் மாடலில் அகலமான ஷூ ஏன் வரவழைப்பதில்லை என்று போகும்போதெல்லாம் கேட்கிறேன். அந்த அளவில் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி அனுப்ப மாட்டோம், மொத்தமாக எடுத்தால்தான் என்று விநியோகஸ்தர் சொல்கிறாராம். எடுத்து வைத்தால் யார் வாங்குவார்கள் என்பது இவர் பயம். ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு பட்டியல் ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலிலிருந்து கிளம்பி வடசேரி வரை போய்த் திரும்புகிற எங்கள் கூட்டத்தில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அளவு கொடுத்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெட்டி வரவழைக்க இன்னும் சில பெயர்கள் வேண்டும். நாகர்கோவில், சுசீந்திரம், தக்கலைப் பக்கம் ஓடுகிற, ஓட நினைக்கிற பெண்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய், நின்றபடி இரண்டு காலையும் அளந்து, எழுதிவிட்டு வாருங்கள். பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். நிறம் மட்டும் என்ன வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பில்தான் வரும்.